வாங்கியவர் ‘சரி’ சொல்லும்வரை

இசைவாணி எதை நீட்டினாலும் உடனே கையை எடுக்கமாட்டாள். ஒரு ஓரத்தை நாம் பிடித்திருப்போம், இன்னொரு ஓரம் அவள் விரலில் இருக்கும். “சரி” என்றோ “வந்துடுச்சு” என்றோ நம் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால்தான் விடுவாள். ரிப்போர்ட் கவர், டீ டம்ளர், சாவிக்கொத்து, எதுவானாலும் இப்படித்தான். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். தெரியாதவர்கள் எரிச்சல்படுவார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் கவரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, குடுக்குறியா, இல்ல நீயே வச்சிக்கிறியா?” என்று கேட்டார். “சரின்னு சொல்லுங்கண்ணே, குடுத்துடுறேன்” என்றாள்.

அந்தப் பழக்கம் வந்த நாள் எனக்குத் தெரியும். அவள் எங்கள் லேபில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கைக்குழந்தையிடம் நரம்பு கிடைக்காமல் அரை மணி நேரம் தேடி எடுத்த ரத்தம். குழாயை அடுத்த மேசைக்காரரிடம் நீட்டினாள். அவர் பிடித்துவிட்டார் என்று இவள் விட்டாள். இவள் பிடித்திருக்கிறாள் என்று அவர் கையைத் தளர்த்தினார். குழாய் கீழே விழுந்து உடைந்தது. அந்தக் குழந்தையை மறுபடி குத்த வேண்டியதாயிற்று. தாய் அழுதாள், குழந்தை அழுதது. இசைவாணி அழவில்லை. கண்ணாடித் துண்டுகளை நான் பெருக்கப் போனபோது என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி அவளே பெருக்கினாள். மறுநாளிலிருந்து விரலை விடுவதில்லை.

எங்கள் லேப் கடலூர் முதுநகரில் இருக்கிறது, ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், மாடியில். காலையில் திறப்பது, பெருக்குவது, கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, டீ வாங்கி வருவது, சாயங்காலம் பூட்டுவது என் வேலை. ஏழாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். எண்கள் மட்டும் கண்ணில் சட்டென்று பதியும்.

இசைவாணிக்கு ஊர் சிதம்பரம் பக்கம். அவளுடைய அப்பா சின்னையன் நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அந்த வீட்டில் பன்னிரண்டாவது முடித்த முதல் ஆள் அவள். அதன் பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பு. சிதம்பரத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் ராபர்ட்டைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருக்கிறாள். காலையில் எட்டு மணிக்கு அங்கே பஸ் ஏறினால் முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று நின்று நின்று ஒன்பதரைக்கு இங்கே வருவாள். சாயங்காலம் ஆறு பத்துக்குத் திரும்ப ஏறுவாள்.

லேபின் சொந்தக்காரர் மணவாளன் சார். அவரும் ஒரு காலத்தில் ஊசி பிடித்தவர்தான். நல்லவர், ஆனால் வாய் சும்மா இருக்காது. எங்களுக்கு வரும் ரத்தத்தில் பாதி, சிதம்பரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வருவது. காலையில் எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டியில் மதியப் பஸ்ஸில் வந்து சேரும். சாயங்காலம் ஐந்தரைக்கு டாக்டர் வந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவார். முன்பெல்லாம் அதைக் கவரில் போட்டு ஒட்டிக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவோம். பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஒரு நாள் ஒருவருடைய சர்க்கரை அளவு இன்னொருவருடைய மருமகனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதோடு மருத்துவமனைக்காரர்கள், இனிமேல் மெயில்தான், அதுவும் லேபின் சொந்தப் பெயரில்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மணவாளன் சார் வெளியே ஆள் தேடினார். இசைவாணி, “நான் பாக்குறேன் சார்” என்றாள்.

“நீயா? ரத்தம் எடுக்குற பொண்ணு நீ.”

“கத்துக்குறேன் சார். ஒரு பழைய கம்ப்யூட்டர் மட்டும் குடுங்க.”

மூலையில் தூசியோடு கிடந்த ஒன்றைக் கொடுத்தார். நான்தான் துடைத்தேன். அதில் லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் எதுவும் கிடையாது. அதற்குள் மெயிலை வாங்கி, வரிசையில் வைத்து, உரிய இடத்துக்குக் கொண்டுபோகும் போஸ்ட்பிக்ஸ் என்ற தபால்காரனை உட்கார வைத்தாள். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் போனில் வாசித்துத்தான் கற்றாள். முதலில் அனுப்பியதெல்லாம் குப்பைப் பெட்டிக்குள் விழுந்தது. அனுப்புகிற வீட்டுக்கு மாறாத கதவு எண் வேண்டும், அந்த எண்ணைக் கொண்டு யாராவது விசாரித்தால் எங்கள் பெயர் வரவேண்டும், எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்தக் கதவுக்கு மட்டுமே அனுமதி என்று ஊரறியப் பதிந்து வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தாள். இணைய இணைப்புக் கொடுத்தவர்களிடம் பதினைந்து தடவையாவது பேசியிருப்பாள். ஒன்றரை மாதம் ஆயிற்று.

வேலை முடிந்த அன்று கையில் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் என்னிடம் சொன்னாள்.

“அக்கா, இந்தத் தபால்காரன் இருக்கானே, அவன் அச்சா என்னை மாதிரியே. மெயில எடுத்துகிட்டுப் போயி அடுத்த கம்ப்யூட்டர்கிட்ட நீட்டுறான். அது ‘சரி, வாங்கிகிட்டேன்’னு சொல்ற வரைக்கும் இவன் விடுறதில்ல. அதுக்கு ஒரு நம்பர் வச்சிருக்காங்க, இருநூத்தி அம்பது. அந்த நம்பர் வந்தாதான் தன்கிட்ட இருக்குறத அழிப்பான். வரலைன்னா வச்சிகிட்டே திரும்பத் திரும்பப் போவான்.”

“டீயக் குடி மொதல்ல” என்றேன்.

அந்த மேசையும் கறுப்புத் திரையும் அதன் பிறகு அவளுக்கு என்று ஆயிற்று. மற்ற டெக்னீஷியன்கள் ஏதாவது தெரியாவிட்டால் அவளிடம் வந்து நிற்பார்கள். ஒரு தடவை சின்னையன் மகளைப் பார்க்க வந்தவர், மேசையைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதெல்லாம் நீயே எழுதுனதா?” என்று மட்டும் கேட்டார்.

நான்கு வருஷம் ஒரு குறையும் இல்லை. போன ஆவணி மாதம்தான் தொந்தரவு ஆரம்பித்தது.

சிதம்பரத்து மருத்துவமனையிலிருந்து காலையில் போன் வரும். “நேத்து ரிப்போர்ட் இன்னும் வரலியே?” இசைவாணி வந்ததும் கறுப்புத் திரையில் பார்ப்பாள். அவளே எழுதி வைத்திருந்த ஒரு சின்னக் கட்டளை இருந்தது. தட்டினால் ரிப்போர்ட் எண்ணும் போய்விட்டது என்ற சொல்லும் மட்டும் வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் போய்விட்டது என்றே இருக்கும். திருப்பிப் போன் செய்வாள். “ஆமாம்மா, இப்பப் பாத்தோம், வந்திருக்குது” என்பார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே பேச்சு. தன் போனுக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பாள், அது அந்த நொடியே மணி அடிக்கும். மணவாளன் சாருக்கு அனுப்புவாள், அதுவும் உடனே போகும். சிதம்பரத்துக்கு மட்டும் காலையில்தான் போய்ச் சேருகிறது.

“என்னா வாணி, உன் மெயிலு நடந்து போவுதா சிதம்பரத்துக்கு? நம்ம டவுன் பஸ்ஸே ஒன்ற மணி நேரத்துல போயிடுது” என்று சார் முதலில் கிண்டல்தான் செய்தார். அவளும் சிரித்தாள். பத்துப் பதினைந்து நாள் போனதும் அவர் கிண்டலை விட்டுவிட்டார். அவளும் சிரிப்பதில்லை.

பிறகு பட்டம்மாள் விஷயம் வந்தது. முட்லூர்க்காரி, அறுபது வயதிருக்கும். பித்தப்பையில் கல். காலை ஏழு மணிக்கு அறுவை சிகிச்சை என்று முந்தின இரவிலிருந்து பட்டினி போட்டிருந்தார்கள். எங்களிடமிருந்து போகவேண்டிய ரத்த ரிப்போர்ட் ஏழு மணிக்கும் போகவில்லை. ரிப்போர்ட் இல்லாமல் மயக்க மருந்து கொடுக்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எட்டு மணிக்கு மேல் ரிப்போர்ட் வந்தது. அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த அம்மாளை மதியம் வரை பட்டினியாக வைத்திருந்து, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனை மேலாளரே மணவாளன் சாரைக் கூப்பிட்டுப் பேசினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு லேபைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

அன்று இசைவாணி உள்ளே வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சார் அவள் மேசைக்கு வந்துவிட்டார். நான் டீயோடு நின்றிருந்தேன்.

“நேத்து எத்தன மணிக்கு அனுப்புன?”

“அஞ்சு அம்பத்தி ரெண்டுக்கு சார்.”

“காட்டு.”

அவள் தன் சின்னக் கட்டளையைத் தட்டினாள். பதினான்கு ரிப்போர்ட், பதினான்கும் போய்விட்டது.

“இது நீ வெட்டி ஒட்டுனது. முழுசா காட்டு.”

முழுப் பதிவையும் திறந்தாள். நீள நீளமான வரிகள் மேலேறின. கடைசியில் நின்ற வரிகளைச் சார் குனிந்து பார்த்தார்.

“இதுல என்னா போட்டிருக்குது? எட்டு ஏழு. காலையில எட்டு ஏழு. அஞ்சு அம்பத்தி ரெண்டுன்னு சொன்ன?”

அவள் திரையைப் பார்த்தாள்.

“ஆறு பத்து பஸ்ஸப் புடிக்கிற அவசரத்துல வுட்டுட்டுப் போயிடுற. காலையில பஸ்ஸுல உக்காந்து போன்லேர்ந்து தட்டி வுடுற. அதானே நடக்குது? மறந்துட்டேன்னு சொன்னாக்கூட மன்னிச்சிடுவேன். பொய் சொல்லாத வாணி.”

“பொய் சொல்லல சார்.”

“இந்த மாசத்தோட சரி. ஒன்னாந் தேதிலேர்ந்து மெயில் வேலைய வெளியாளு பாத்துக்கட்டும். நீ சிதம்பரம் கலெக்‌ஷன் சென்டர்ல உக்காந்து ரத்தம் எடு. உனக்கும் வூடு பக்கம்.”

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

அவர் போன பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். டீயை நீட்டினேன். சரி என்று சொல்லாமலே வாங்கி வைத்தாள், குடிக்கவில்லை. சிதம்பரத்துக்கு மாற்றுவது அவளுக்குப் பெரிதில்லை. வீடு பக்கம் என்பதும் உண்மைதான். பொய் என்ற அந்தச் சொல்தான் அவளைக் குடைந்தது. “இந்தப் புத்திதான் இவுங்களுக்கு” என்று அடுத்த அறையில் யாரோ மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது.

எனக்கு அந்த எட்டு ஏழு மனதிலேயே நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி கழுவும்போதும் அதுதான். எங்கேயோ தெரிந்த எண்ணாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கை துடைத்துக்கொண்டு மின்பெட்டிப் பக்கம் போனபோது புரிந்தது. சார் முன்னால் பேச எனக்கு வரவில்லை. இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன்.

அன்று சாயங்காலமும் அவள் ஐந்து ஐம்பதுக்கு மெயில் அனுப்பினாள். ஆறு மணிக்கு நான் வழக்கம்போல கம்ப்யூட்டர் பொத்தானை ஒரு தடவை அழுத்தி, அது முழுதும் அணைந்த பிறகு மெயின் சுவிட்சை இறக்கினேன். அது எங்கள் லேபின் சட்டம். ‘தானே’ புயல் அடித்த வருஷத்தில் மழைத்தண்ணீர் சுவரில் இறங்கி, இரவில் வயர் பற்றி, ஒரு அறை கருகிப்போனது. அன்றிலிருந்து மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கு மட்டும் தனி லைன். மற்றதெல்லாம் பூட்டும்போது இறக்கியாக வேண்டும், திறக்கும்போது ஏற்ற வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. இறக்குவதும் ஏற்றுவதும் நான்தான்.

பூட்டிவிட்டு அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். என் வீடு எதிர்ப்பக்கம். அவள் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“வாணி, ஒன்னு சொல்லட்டுமா?”

“சொல்லுங்கக்கா.”

“அந்த எட்டு ஏழு உன் நேரம் இல்ல. என் நேரம்.”

நின்று என்னைப் பார்த்தாள்.

“நான் எட்டு மணிக்குக் கதவத் தொறந்து எட்டு அஞ்சுக்கு மெயினப் போடுறேன். அப்புறந்தான் அந்தக் கம்ப்யூட்டருக்கு உசுரே வருது. எந்திரிக்க ரெண்டு நிமிஷம் ஆவும். நீ போன்லேர்ந்து தட்டியிருந்தா ஏழு மணி, ஏழரைன்னு எப்ப வேணா இருக்கும். தெனமும் அதே நேரம் இருக்குதுன்னா, மெயினப் போட்டதாலதான் அது போவுது. ராத்திரி பூரா உள்ளவே கெடக்குது.”

“இல்லக்கா, அஞ்சு அம்பத்தி ரெண்டுக்கு நான் அனுப்பிட்டேனே, ‘சரி’ன்னு வந்துச்சே…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“போன வெள்ளிக்கிழம ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சு. எட்டே முக்காலுக்குத்தான் வந்து தொறந்தேன். அன்னிக்கு என்னா நேரம் இருக்குதுன்னு பாரேன்” என்றேன்.

ஆறு பத்து பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. “சாவி இருக்குதாக்கா?” என்றாள்.

திரும்பி மாடி ஏறினோம். மின்பெட்டியைத் திறந்து சுவிட்சை ஏற்றினேன். பூட்டிய பிறகு மெயினை ஏற்றுவது அதுதான் முதல் தடவை. கம்ப்யூட்டர் உறுமி எழுந்தது. இருவரும் நின்றபடியே திரையைப் பார்த்தோம். அவள் எதையும் அனுப்பவில்லை, ஒரு பொத்தானையும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் வரிகள் தாமாக ஏறத் தொடங்கின. ஆறு இருபத்தாறு என்று போட்டு ஒன்று, இரண்டு, பதினொன்று. அன்று சாயங்காலத்து ரிப்போர்ட் பதினொன்றும் எங்கள் கண் முன்னால் கிளம்பின. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருநூற்று ஐம்பது.

மருத்துவமனைக்குப் போன் போட்டாள். “ரிப்போர்ட் வந்துச்சுங்களா? பதினொன்னு?” என்று கேட்டுவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், “வந்துடுச்சு” என்றது எனக்கே கேட்டது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு நிமிஷம்தான். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெள்ளிக்கிழமைப் பதிவைத் தேடினாள். எட்டு நாற்பத்தேழு.

“கேட்டு மூடுனது கம்ப்யூட்டருக்குக்கூடத் தெரிஞ்சிருக்குது” என்று சிரித்தாள்.

அதற்கு மேலே இருந்த சாயங்கால வரிகளை அன்றுதான் அவள் ஒழுங்காக வாசித்தாள். ஐந்து ஐம்பது மணி வரியில் இருநூற்று ஐம்பது இல்லை. நானூற்று ஐம்பது இருந்தது. எனக்குச் சொன்னாள்: “அவுங்க வாங்கலக்கா. ‘இப்ப இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு வா’ன்னு சொல்லியிருக்காங்க. நம்ம தபால்காரன் திரும்பிவந்து வரிசையில வச்சிட்டு, அடுத்த தடவ போறதுக்குக் காத்திருக்கான். அதுக்குள்ள நாம அவனையும் சேத்துப் பூட்டிட்டுப் போயிடுறோம்.”

“அப்ப உனக்கு ‘சரி’ன்னு வந்தது?”

“அது நம்ம தபால்காரன் என்கிட்டேர்ந்து வாங்கிகிட்டேன்னு சொன்ன ‘சரி’. சிதம்பரத்துக்காரங்க சொன்னது இல்ல.” திரையில் அந்த நானூற்று ஐம்பதின் மேல் விரலை வைத்தாள். “யாரு சொன்ன சரின்னு நான் பாக்கவே இல்லக்கா.”

மறுநாள் காலையில் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் ராஜ்கமல் என்ற பையனைப் பிடித்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“ஆமாங்க மேடம், ஆவணியில புது சிஸ்டம் மாத்துனோம். குப்ப மெயில் ஜாஸ்தி. அதனால அறிமுகம் இல்லாதவங்க யாரு வந்தாலும் மொதல் தடவ பத்து நிமிஷம் கழிச்சு வான்னு அனுப்பிடும். குப்ப அனுப்புறவன் திரும்ப வரமாட்டான், நெஜமானவன் வருவான். ஒரு தடவ வந்துட்டா பேர ஞாபகம் வச்சிக்கும், அப்புறம் நேரா உள்ள வுட்டுடும்.”

“நாங்க நாலு வருஷமா தெனமும் வர்றோமே தம்பி. எங்களுக்கு ஏன் தெனமும் மொதல் தடவ?”

அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு. “மேடம், நீங்க தெனமும் வர்றீங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் வேற பேருல வர்றீங்க.”

இசைவாணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அது அவளே செய்த ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் மாறிப்போன பயத்தில், ஒவ்வொரு ரிப்போர்ட்டையும், லேபின் பெயருக்கு முன்னால் அந்த நோயாளியின் எண்ணைச் சேர்த்து, அதையே அனுப்புநர் முகவரியாக வைத்து அனுப்பும்படி எழுதியிருந்தாள். பதில் வந்தால் சரியான ஆளின் கோப்பில் போய் விழும். தவறே நடக்காது என்று அவள் பெருமையாகச் சொன்ன வேலை அது. இந்த நான்கு வருஷத்தில் அதைக் குறை சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. இப்போது சிதம்பரத்து வாசலில் நிற்கும் காவல்காரனுக்கு எங்கள் பதினான்கு ரிப்போர்ட்டும் பதினான்கு அந்நியர்கள்.

மணவாளன் சார் வந்ததும் அவரை மேசைக்கு அழைத்தாள். என்னையும் நிற்கச் சொன்னாள். எட்டு ஏழு, எட்டு ஆறு, எட்டு ஏழு, வெள்ளிக்கிழமை எட்டு நாற்பத்தேழு என்று வரிசையாகக் காட்டினாள். “இது நான் இல்ல சார். மங்கலம் அக்கா மெயின் போடுற நேரம். அக்காதான் கண்டுபுடிச்சாங்க.”

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“மங்கலம், நீ பேசுவியா?” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அப்ப ராத்திரி பூரா ரிப்போர்ட்டப் பூட்டி வச்சது என் சட்டந்தான்னு சொல்ற.”

“மூணு பேருந்தான் சார். நீங்க சட்டம் போட்டீங்க, அக்கா சுவிட்ச எறக்குனாங்க, நான் தெனமும் பேர மாத்தி அனுப்புனேன்.”

“நாலாவதா சிதம்பரத்துக்காரன் வாசல்ல காவல் போட்டான்” என்றார் சார். அப்போதுதான் அந்த அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவர் எல்லோர் காதிலும் விழும்படி மருத்துவமனை மேலாளருக்குப் போன் போட்டார். “எங்க பொண்ணு ஒழுங்காத்தான் அனுப்பியிருக்குது. பொய் சொல்லல. நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்” என்றார். அடுத்த அறைக் கதவு திறந்தே இருந்தது.

மதியத்துக்குள் இசைவாணி எல்லா ரிப்போர்ட்டும் ஒரே பெயரில் போகும்படி மாற்றினாள். நோயாளி எண்ணைக் கடிதத்தின் தலைப்புக்குக் கொண்டுபோனாள். பதினொன்றேகாலுக்கு ஒரு மெயில் விட்டோம். நானூற்று ஐம்பது வந்தது. இருவரும் மாறி மாறிக் கடிகாரத்தைப் பார்த்தோம். பதினொன்று இருபத்தொன்பதுக்குத் தபால்காரன் மறுபடி போனான், இருநூற்று ஐம்பது. பன்னிரண்டு மணிக்கு இன்னொன்று விட்டாள். அது நிற்காமல் நேரே உள்ளே போனது. எங்களை அடையாளம் தெரிந்துகொண்டார்கள்.

பட்டம்மாளுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்த வாரக் கடைசியில் இசைவாணி அவளைப் பார்க்கப் போனாள். தன்னால்தான் ஒரு நாள் பட்டினி கிடந்தாள் என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. நானும் கூடப் போனேன். சாத்துக்குடிப் பையை நீட்டினாள். அந்த அம்மாள் வாங்கினாள். இவள் விடவில்லை. பட்டம்மாள் பையையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள். “என்னாடியம்மா, பழத்தத் திருப்பி எடுத்துகிட்டுப் போவப் போறியா?” என்றாள். வயிற்றில் தையல் இருக்கும்போது சிரிக்க வைக்காதீர்கள் என்று நர்ஸ் எங்களைக் கடிந்துகொண்டார்.

ஒன்றாம் தேதி வந்து போனது. வெளியாள் யாரும் வரவில்லை. அந்த மேசையில் இசைவாணிதான் இருக்கிறாள். தன் சின்னக் கட்டளையை மாற்றி எழுதிவிட்டாள். இப்போது அதில் நேரமும் வருகிறது, யார் ‘சரி’ சொன்னார்கள் என்பதும் வருகிறது. மெயின் சுவிட்சை இறக்கும் சட்டம் மாறவில்லை, அதற்கு முன்னால் ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. இசைவாணி ஆறு பத்து பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு நான் அந்தக் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து எம், ஏ, ஐ, எல், க்யூ என்று ஐந்து எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறேன். வரிசை காலி என்று ஒரு வரி வரும். சில நாள் வராது. அப்போது பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி தட்டுவேன். காலி என்று வந்த பிறகுதான் பொத்தானை அழுத்தி மெயினை இறக்குகிறேன். ஐப்பசியிலிருந்து இன்று வரை சிதம்பரத்திலிருந்து ரிப்போர்ட் கேட்டு ஒரு போனும் வரவில்லை.